பாலம் மறித்த கோடையும் அம்மாவின் சோற்றுப் பார்சலும்

நாங்கள் எல்லோரும் இப்போது காலையில் ஒரே நிறத்து மாத்திரையை விழுங்கும் வயதுக்கு வந்துவிட்டோம். கலியாண வீடுகளில் சந்தித்தால் முன்பு வேலை, வீட்டு விலை, வட்டி வீதம் என்று கதைத்தவர்கள், இன்றைக்கு முழங்காலைப் பற்றித்தான் கதைக்கிறோம். ஆறு தாண்டிப் புரோசார்டில் வீடு வாங்கிப் போனவர்களும் என்னைப்போல மொன்றியல் நகரத்து வில்லரேயிலேயே கிடந்து அலுத்தவர்களும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். அப்படிப்பட்ட உங்களிடம் சொன்னால்தான் இது எடுபடும். பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கினால் பாதிவழியில் "சரியம்மா, விளங்கிச்சு" என்று போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கே சில நாள் இதைச் சொல்லக் களைப்பாகத்தான் இருக்கிறது.

சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் மருந்துக் கம்பனியில் பெரிய கூட்டம் என்றால், முதலில் ஒருவர் எழுந்து ஒரு வசனம் வாசிப்பார். நாம் நிற்கும் இந்த மண் பழங்குடி மக்களுடையது, அவர்கள் இதை ஒருநாளும் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று. எல்லோரும் தலையைக் குனிந்து கேட்போம். அது முடிந்ததும் விற்பனை எப்படிப் போகிறது என்ற கதை தொடங்கும். உங்கள் கந்தோர்களிலும் இதே கூத்துத்தான் என்று தெரியும். நீங்கள் அந்த நேரத்தில் என்ன நினைப்பீர்களோ தெரியாது. எனக்குப் புளி கரைத்த சோற்று மணம் வரும். அதற்குக் காரணம் தொண்ணூறாம் ஆண்டுக் கோடை.

எனக்கு அப்போது பதினொரு வயது. வில்லரேயில் ஒரு மாடி வீட்டின் மூன்றாம் தட்டில் இருந்தோம். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. மேலே தட்டைக் கூரை. ஆடி மாதத்தில் அந்தக் கூரைக்குக் கீழே நித்திரை கொண்டவர்களுக்குத்தான் மொன்றியல் குளிர் ஊர் என்பது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். தெருவில் யாரோ போட்டுவிட்டுப் போன மண்ணிற சோபா, கம்பி ஒடிந்த ரிவி, சுவரில் தொங்கும் பச்சை ரெலிபோன். அந்த ரெலிபோனின் வயர் அவ்வளவு நீளம். அம்மா அதைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குசினி முழுக்க நடப்பார். அது இப்போது எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. ஐந்தாவது ஆள் அண்ணா. அவர் யாழ்ப்பாணத்தில், ஆயுதம் தூக்கிய இயக்கத்தில். பதினேழு வயதில் ரியூசனுக்கு என்று சைக்கிளில் வெளிக்கிட்டவர் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் இரண்டு நாள் கழித்து யாரோ ஒரு பெடியன் கொண்டுவந்து வாசல் படலையில் சாய்த்துவிட்டுப் போனான். நாங்கள் வெளிக்கிட்டபோது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்னபடி படங்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை. அதனால் அண்ணாவின் முகம் அந்த வில்லரே வீட்டில் எங்கேயும் இருக்கவில்லை.

வந்து கொஞ்ச நாளில் மாஸ்ரர் வந்தார். ஊரில் இங்கிலீஷ் படிப்பித்தவர், எங்களுக்கு முன்னமே வந்தவர். வக்கீலுக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று எல்லோருடைய அகதிக் கேசையும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். உங்களில் பாதிப்பேருடைய குடும்பக் கதையும் அவருடைய வாயால் வந்ததுதான், மறந்திருக்க மாட்டீர்கள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"மூத்தவனைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். பிள்ளை இயக்கத்தில எண்டு வாய் திறந்தியளோ, பார்சல் குடுத்தனியளோ, காசு குடுத்தனியளோ எண்டு தோண்டத் தொடங்கிடுவாங்கள். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிடும். உங்களுக்கு ரெண்டு பிள்ளையள். அவ்வளவுதான்."

"அவன் உயிரோட இருக்கிறான், மாஸ்ரர்," என்றார் அம்மா.

"ஓம் அக்கா. நான் என்ன, செத்திட்டான் எண்டு சொல்லச் சொன்னனானே? சொல்லாதேங்கோ எண்டுதானே சொல்லுறன்."

பார்சல் என்று அவர் சொன்னது உங்களுக்கு விளங்கும். ஊரில் காலையில் இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்து "அம்மா, இண்டைக்கு ஒரு பத்துப் பார்சல்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மத்தியானம் வந்து எடுப்பார்கள். சோறு, பருப்பு, பொரித்த கத்தரிக்காய், வசதியிருந்தால் ஒரு பாதி முட்டை, வாழையிலையில் வைத்து மேலே பேப்பர் சுற்றிக் கட்டியது. விரும்பிக் கொடுத்தவர்களும் உண்டு, பயத்தில் கொடுத்தவர்களும் உண்டு. கட்டாத வீடு இல்லை. கனடாவுக்கு வந்த பிறகு கட்டினோம் என்று ஒத்துக்கொண்ட வீடும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அகதி விசாரணைக்கு ஒத்திகை நடந்தது. அப்பா சோபாவில் நீதவான் மாதிரி இருப்பார். நானும் தம்பியும் முன்னால் நிற்போம்.

"நீங்கள் எத்தினை பிள்ளையள்?"

"மூண்டு," என்பான் தம்பி.

"எருமை! ரெண்டு."

"அப்ப அண்ணா?"

அப்பா கையை ஓங்குவார், அடிக்க மாட்டார். சரியாகச் சொன்னால் ஒரு சொக்லேட். குளிர் போகிற நேரத்தில் தம்பி நன்றாகப் பழகிவிட்டான். கடையில் யாராவது அவன் கன்னத்தைக் கிள்ளி வயது எத்தனை என்று கேட்டால்கூட "ரெண்டு பிள்ளையள்" என்று சொல்லுவான். சனம் சிரிக்கும். அந்த ஒத்திகை நடக்கும்போதெல்லாம் அம்மா குசினியில் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிடுவார். அம்மாவிடம் ஒருநாளும் ஒத்திகை பார்க்கவில்லை. "உமக்குத் தெரியும்தானே" என்று அப்பா விட்டுவிட்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சிங்கள மொழிச் சோதனை எடுக்க மாட்டேன் என்று நின்று பதவி உயர்வை விட்டவர். அதுதான் அவருடைய வாழ்க்கையின் வீரக்கதை. அந்த மனிதன் உலகத்தைச் சுற்றி வந்து இறங்கினால், இங்கேயும் ஒரு மொழிச் சட்டம். அவருடைய தங்கமான இங்கிலீஷை ஒரு கடைக்காரன்கூடச் சட்டை செய்யவில்லை. எங்களைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். "பேய்க்குப் பயந்து பிசாசிட்டை வந்தம்" என்று சொல்லிக்கொண்டு பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் எங்கள் ரீச்சர் இந்த நாட்டின் கதையைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், பிறகு இங்கிலீஷ்காரர் வந்து ஒரு புல்வெளியில் சண்டை பிடித்துப் பறித்துக்கொண்டார்கள். சொல்லும்போது அவருடைய குரல் இறங்கும், நேற்றுத்தான் தோற்றதுபோல. புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் தலையில் இறகு வைத்த பழங்குடி ஆட்கள் தோல் விற்றுக்கொண்டு நிற்பார்கள். அடுத்த பக்கத்தில் அவர்களைக் காணோம். எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம்.

அந்தக் கோடையில் அவர்கள் திரும்பவும் வந்தார்கள், ரிவியில். நகரத்துக்கு அங்கால் ஒரு சின்ன ஊரில் கோல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்க என்று மோஹாக் பழங்குடி மக்களின் பைன் காட்டிலும் இடுகாட்டிலும் கைவைக்கப் போக, அவர்கள் பாதையை மறித்தார்கள். பொலிஸ் போய்ச் சூடு நடந்து ஒரு பொலிஸ்காரர் செத்தார். அவர்களுக்குத் துணையாக, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மற்ற மோஹாக் ஊர் மொன்றியலுக்குள் வரும் பெரிய பாலத்தை மறித்தது. பிறகு ஆமி இறங்கியது. கவச வண்டியைக் கண்டதும் அப்பா சோபாவிலிருந்து எழும்பிப் போய் வாசல் கதவைப் பூட்டினார்.

"ஐயோ கடவுளே, இஞ்சையுமோ?"

அதே கோடையில்தான் ஊரில் திரும்பச் சண்டை தொடங்கியது. ஆமி சாமானை மறிக்க, சவுக்காரம் இல்லை, நெருப்புப் பெட்டி இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. அண்ணாவிடமிருந்து ஒரு சொல் இல்லை. அம்மா தையல் பக்டரியால் வந்ததும் கைகூடக் கழுவாமல் ரிவிக்கு முன்னால் இருப்பார். ரிவியில் யாழ்ப்பாணத்தைக் காட்டமாட்டார்கள். பாலத்தைத்தான் காட்டுவார்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கும் பெடியள். அம்மா அவர்களுடைய கண்ணைப் பார்ப்பார். "இதுக்கு என்ன, ஒரு பதினெட்டு வயசிருக்குமோ?" என்று என்னைக் கேட்பார். நான் செய்தியை அரைகுறைப் பிரெஞ்சில் விளங்கி மொழிபெயர்ப்பேன். வயதை அவர்கள் சொல்லவில்லை.

கீழ்வீட்டில் ஒரு கியூபெக் மனுசி இருந்தார். நல்ல மனுசி. முதல் குளிரில் எங்கள் நாலு பேருக்கும் கோட் தேடித் தந்தவர். அவருடைய புருசனுக்கு வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம். இப்போது சுற்றிப் போக அரைநாள். ஒரு பின்னேரம் படியில் இருந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தார். நான் நடுவில்.

"அப்பா, அவ சொல்லுறா, இங்கிலீசுக்காரர் தங்களை இருநூறு வருசமா ஆண்டவையாம். தன்ர அம்மா தன்ர ஊர்க் கடையிலயே தன்ர பாஷை கதைக்கேலாமல் நிண்டவவாம்."

அப்பா பெரிதாகத் தலையாட்டினார். முதல்முறையாக அவருக்கு ஒரு பிரெஞ்சுக்காரி பேசியது விளங்கியது.

"ஆனா பாலத்தை மறிக்கிறது அநியாயமாம். ஆமி நேரத்துக்கே எல்லாத்தையும் கூட்டித் துடைச்சிருக்க வேணுமாம்."

அப்பாவின் தலை நின்றது. "பிள்ளை, அவவிட்டைக் கேள், இவைக்கு முன்னம் இஞ்ச ஆர் இருந்தவை எண்டு."

நான் கீழ்வீட்டு மனுசியைப் பார்த்துச் சிரித்து, அப்பா மெர்சி என்று நன்றி சொல்லச் சொல்கிறார் என்றேன். என்ன செய்ய? கோட் தந்த மனுசி. அப்பாவும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடு. கேட்டால் எங்களையும் ஆர் வரச் சொன்னதெண்டு கேப்பா" என்றார்.

ஒருநாள் ரிவியில் மோஹாக் ஊருக்குள் போகும் சாப்பாட்டுச் சாமானை ஆமிக்காரன் நிறுத்திச் சோதித்ததைக் காட்டினார்கள். ஒருவன் பாண் ரொட்டிக்குள் எதையோ விட்டுக் குத்திப் பார்த்தான். அம்மா எழும்பி நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, பாணைக் குத்துறான். பாணைக் குத்துறான், பாருங்கோ."

"சென்றியில நிக்கிறவன் குத்தாமல் என்ன செய்வான்? நீர் இரும்," என்றார் அப்பா.

அம்மா இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் பெரிய பானையை அடுப்பில் வைத்தார். பக்டரியில் பக்கத்து மெஷினில் தைத்த சிலி நாட்டுக்காரி, ஒரு தேவாலய மண்டபத்தில் அந்த மக்களுக்குச் சாமான் சேர்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தாராம். வாழையிலைக்கு எங்கே போவது? அலுமினியத் தாள் விரித்து, புளி விட்டுப் பிரட்டிய சோறு, கிழங்குப் பிரட்டல், பொரித்த மிளகாய், அவித்த முட்டையில் பாதி. மேலே பிரெஞ்சுப் பேப்பர். கட்டுகிற கை ஊரில் கட்டின அதே வேகத்தில் போனது. ஆறு மணித்தியாலத்துக்குப் பழுதாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வெயிலில் குசினி வெந்தது. அம்மாவின் முகத்தில் நான் பல மாதமாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது.

தம்பியைக் கீழ்வீட்டு மனுசியிடம் விட்டுவிட்டு மெட்ரோவில் போனோம். மெட்ரோ முழுக்க எங்கள் பையிலிருந்து பொரித்த மிளகாய் மணத்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் எழும்பித் தள்ளிப் போய் நின்றார். எனக்கு உயிர் போனது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் மேசை மேசையாக ரின் சாப்பாடு, பம்பேர்ஸ், பற்றரி. சமைத்த சாப்பாடு எடுக்கமாட்டோம் என்று மேசையில் நின்ற இளம் பெடியன் கையை விரித்தான். அம்மாவுக்கு அவன் சொன்னது விளங்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு நின்றார். நான் "அம்மா, வேண்டாமாம், வாங்கோ" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு மோஹாக் பெண் வந்தார். அம்மாவின் வயதிருக்கும். ஜீன்ஸ், ஆண்களுடைய சேட், நித்திரை இல்லாத கண். பார்சல் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மணந்தார். நின்ற நிலையிலேயே விரலால் அள்ளி வாயில் வைத்தார். மிளகாய் கடிபட்டிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், கையை வாய்க்கு விசிறினார், திரும்பவும் அள்ளினார். அந்தப் பெடியனிடம் ஏதோ சொன்னார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

பிறகு என்னைக் காட்டி, ஒரு விரலைத் தூக்கி, இது ஒன்றுதானா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார்.

அம்மா மூன்று விரலைக் காட்டினார்.

மாஸ்ரர் எங்காவது நிற்கிறாரோ என்று சுற்றிப் பார்த்தேன். அந்தப் பெண் தன்னுடைய ஐந்து விரலையும் விரித்தார். அதில் பெருவிரலைப் பிடித்து ஆட்டி, ஆற்றுப் பக்கம், பாலத்தை நோக்கிக் கையை நீட்டினார். அம்மாவுக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவரும் தன் மூன்று விரலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துச் சுவரைப் பார்த்துத் தூரம் என்பதுபோலக் கையை வீசிக் காட்டினார். அந்தப் பெண் அம்மாவின் கையைப் புளிச் சோற்றுக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். இந்த நாட்டில் அம்மா தனக்கு மூன்று பிள்ளைகள் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

திரும்பி வரும்போது, "அப்பாவிட்டைச் சொல்லிப்போடாதை" என்றார்.

"எதை? பார்சலையோ, விரலையோ?"

"ரெண்டையும்தான்."

நான் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னான். பிள்ளைகள் எத்தனை என்பதற்கு மட்டும்தானே அவனைப் பழக்கியிருந்தோம். அப்பா சப்பாத்தைக் கழற்ற முன்னமே "அம்மா பார்சல் கட்டிக்கொண்டு போனவ" என்று ஓடிப்போய்ச் சொன்னான்.

அப்பாவின் முகம் வெளுத்தது. "நீர் என்ன பைத்தியமோ? கேஸ் இன்னும் முடியேல்லை. பார்சல் குடுக்கேல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை எண்டு சொல்லப் போற ஆக்கள் நாங்கள். வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டுறீர்! ஆரும் படம் எடுத்தாங்களோ? ரிவிக்காரன் நிண்டவனோ?"

அம்மா பானையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அங்க என்ர பிள்ளைக்கு ஆரோ ஒருத்தி கட்டிக் குடுக்கிறாள். நான் ஆருக்குக் கட்டுறது?"

அன்றிலிருந்து அப்பா ஒவ்வொரு நாளும் செய்தியை அம்மாவின் முகம் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பார்த்தார். அம்மாவின் முகம் வரவில்லை. வந்தது வேறு. மோஹாக் கிழவிகளும் குழந்தைகளும் ஊரைவிட்டு வெளியேறி வந்த கார்களுக்குச் சனம் கல்லெறிந்ததைக் காட்டினார்கள். அப்பா ரிவியை நிற்பாட்டினார். "கலவரத்தில எங்களுக்கு எறிஞ்ச மாதிரியே எறியிறாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

இலை கொட்டுகிற காலத்தில் எங்கள் விசாரணை வந்தது. கம்பளம் விரித்த சின்ன அறை. எதிரே கண்ணாடி போட்ட ஒரு அம்மையார், பக்கத்தில் கியூபெக்காரர் ஒருவர், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். அப்பா எல்லாக் கேள்விக்கும் இங்கிலீஷில் சொன்னார். பிறகு அந்த அம்மையார் அம்மாவைப் பார்த்து, மரியாதையான குரலில் கேட்டார். மொழிபெயர்க்கும் பெண் தமிழில் சொன்னார்: "உங்கட பிள்ளையளின்ர பேரை மூத்ததிலயிருந்து சொல்லுங்கோ."

மூத்ததிலிருந்து. அம்மா வாயைத் திறந்தார். அப்பாவின் சப்பாத்து மேசைக்குக் கீழே அசைந்தது. தம்பி ஒத்திகைக்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

அம்மா என் பேரைச் சொன்னார். பிறகு தம்பியின் பேரைச் சொன்னார்.

"வேற?"

"வேற இல்லை."

எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அப்பா வரும் வழியில் பெரிய கேக் வாங்கினார். மாஸ்ரர் வந்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியளே, நான் சொன்னனான்" என்றார். அம்மா குளியலறையில் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் ஒரு ஆள் முகம் கழுவுவதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மாசி மாதம், பனி ஜன்னல் மட்டத்துக்குக் கிடந்த ஒரு காலையில் பச்சை ரெலிபோன் அடித்தது. அப்பா எடுத்தார். கொழும்பிலிருந்து. அப்பாவின் வாய் கோணியது, ரெலிபோனைத் தூரப் பிடித்துப் பார்த்தார், திரும்பக் காதில் வைத்தார்.

"ஆர்? ஆர்? எங்க நிக்கிறாய்?"

அண்ணா. இயக்கத்தை விட்டுவிட்டு, எப்படியோ கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் நிற்கிறார். அம்மா ரெலிபோனைப் பறித்தார். முதல் கேள்வி, "சாப்பிட்டியோ ராசா?" நாங்கள் எல்லோரும் அழுதோம், தம்பி ஏன் என்று தெரியாமல் அழுதான். "அம்மா, என்னை அங்க எடுப்பியளோ?" என்று அண்ணா கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "ஓம் ஓம் எடுப்பம், எடுக்காமல் என்ன!" என்று அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அப்பா கோட்டைக்கூடச் சரியாகப் பூட்டாமல் மாஸ்ரரிடம் ஓடினார், நானும் பின்னால். மாஸ்ரர் கேட்டுவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"இல்லாத பிள்ளையை எப்பிடி ஐயா எடுக்கிறது? சத்தியம் பண்ணி, வேற இல்லை எண்டு சொல்லியாச்சு. இப்ப இருக்கெண்டு சொன்னா, முழுக் கேசும் பொய்யெண்டு நாலு பேரையும் ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

"நீர்தானே அப்பிடிச் சொல்லச் சொன்னனீர்," என்றார் அப்பா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இப்போது அகதி வழக்குகள் பார்க்கிறாள், உங்களுக்கும் தெரிந்தவள்தான். போன வருடம் அவளிடம் முதல்முறையாக இதைச் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு, "ஐயோ, எதுக்கடி மறைச்சவை? மகன் போயிட்டான், ஆமி வீட்டுக்கு வந்து வெருட்டுது எண்டு உள்ளதைச் சொன்ன எத்தினை தாய்மாரை ஏற்றிருக்கிறாங்கள். அது உங்கட கேசுக்குப் பலமடி" என்றாள். எனக்கு யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை. மாஸ்ரர் செத்துவிட்டார். அப்பாவும் இல்லை. இரண்டு பேரும் பயந்த மனிதர்கள், கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அடுத்த முறை அண்ணா எடுத்தபோது விஷயத்தைச் சொல்ல அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. அம்மாதான் சொன்னார்.

"ராசா, நாங்கள் உன்னைச் சொல்லேல்லை."

"என்ன சொல்லேல்லை?"

"நீ இருக்கிறாய் எண்டு."

அண்ணா சொன்னார்: "அதுக்கென்ன அம்மா. என்னை மறிச்சு விசாரிக்கிறவங்களுக்கு நானும் அப்பிடித்தான் சொல்லுறனான். எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு."

அப்பா ஏஜென்சிக்குக் காசு சேர்க்கத் தொடங்கினார். சேர முன்னம் லொட்ஜுகளில் தேடுதல் கூடியது. இனி இங்கே நிற்கேலாது, வவுனியாப் பக்கம் போகிறேன், பேந்து, அங்கே போன பிறகு, ரெலிபோன் எடுக்கிறேன் என்றார் அண்ணா. அந்தப் பேந்து வரவில்லை. பிடித்தார்களோ, திரும்பவும் சேர்ந்தாரோ, எங்கே விழுந்தாரோ, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. காணாமல்போனவர்களைத் தேட வழிகள் வந்தபோதும் எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவளைப் பற்றிக் கேட்டிருக்கிறன்," என்று அம்மா ஒருநாள் சொன்னார். "நான் பிள்ளையையெல்லோ கைவிட்டவள்."

சில வருடம் கழித்து எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. நகரத்து மண்டபம் ஒன்றில் பல நாட்டுச் சனம். வியட்நாம்காரர், லெபனான்காரர், ஹெயிட்டிக்காரர், எல்லோரும் கலியாணத்துக்கு வந்ததுபோல உடுத்தியிருந்தார்கள். ஏதோ ஒரு சண்டையால் துரத்தப்படாத ஆளை அங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும். மேடையில் இங்கிலாந்து ராணியின் பெரிய படம். கியூபெக் நீதவான் ஒருவர், அந்த ராணிக்கே சத்தியம் செய்து தரும்படி எங்களைக் கேட்டார். "என்ர அப்பாவும் இவவின்ர அப்பாவுக்குக் கும்பிடு போட்டவர்தான்," என்று எங்கள் அப்பா என் காதுக்குள் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அன்று நல்ல சந்தோஷம். நான் அதைக் குறை நினைக்கவில்லை. கனேடியராவது என்றால் என்ன என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், அந்த மண்டபத்தில் எல்லோரும் எதையோ வெளியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தோம் என்றுதான் சொல்வேன்.

எல்லோரும் எழும்பி வலது கையை உயர்த்தினார்கள். அம்மா உயர்த்தவில்லை.

"என்ன பிள்ளை சொல்லச் சொல்லுறார்?"

"ராணிக்கும், அவவுக்குப் பிறகு வாற அவவின்ர பிள்ளையளுக்கும் உண்மையா இருப்பன் எண்டு சொல்ல வேணுமாம், அம்மா."

அம்மா ராணியின் படத்தைப் பார்த்தார்.

"அவவுக்கு எத்தினை பிள்ளையள்?"

"நாலு."

"நாலையும் வெளியில சொன்னவவோ?"

"ஓம் அம்மா. உலகத்துக்கே தெரியும்."

"குடுத்து வைச்சவ," என்றார் அம்மா. பிறகு கையை உயர்த்தினார்.